என் கைராசி போன கதை

பிள்ளைகளே, நேற்று வைட்டிலாவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது லாட்டரி விற்கிற சேட்டன் சின்னவளிடம், "மோளே, நீ ஒண்ணு எடுத்துக் கொடு" என்று டிக்கெட் கட்டை நீட்டினார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஏன் அப்பா, ஏன் அப்பா என்று வழியெல்லாம் கேட்டீர்கள். சொல்கிறேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் முக்கால்வாசிப் பேர் அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள். எனக்கு ஆறு வயது. பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் விளையாட்டாக என்னை ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார். அதற்கு ஒரு மிக்ஸி வாங்கும் அளவுக்குப் பரிசு விழுந்துவிட்டது. அவ்வளவுதான், நான் கைராசிக்காரன் ஆகிவிட்டேன்.

பல் தேய்க்கும் முன்பே வாசலில் ஆள் நிற்கும். லாட்டரிக்காரர் சைக்கிளை எங்கள் வீட்டு முன்னாலேயே நிறுத்திக்கொள்வார். எடுத்துக் கொடுத்தால் எனக்கு ஒரு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி. ஒரு டிக்கெட் வாங்கியவர்கள் மூன்று நான்கு வாங்கினார்கள். "சர்க்காரே அச்சடிச்சு விக்குது, இதுல என்ன தப்பு?" என்பார் அப்பா. பரிசுதான் பிறகு யாருக்கும் விழவில்லை. நாளைக்கு விழும் என்று சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

ஒருநாள் அந்த மாமாவின் மனைவி அம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, குடிச்சுட்டு வந்தாலாவது திட்டலாம். பச்சைப்பிள்ளை கையால வாங்கிட்டு வர்ற மனுஷனை என்னன்னு திட்ட? வீட்டுல மிக்ஸி இருக்கு, அரைக்கத் தேங்காய் இல்லை."

மறுநாள் காலை கூட்டம் சேர்ந்ததும் அம்மா வாசலுக்கு வந்தாள்.

"இவன் நேத்து செத்த காக்காயைத் தொட்டுட்டான். இனி இவன் கையால எதுவும் வாங்காதீங்க."

எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். மாமாவுக்கு மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை.

"வலது கையாலதானே தொட்டிருப்பான்? இடது கையால எடுக்கட்டும்."

"ரெண்டு கையாலயும் தூக்கினான்" என்றாள் அம்மா.

"கஷ்டமாயிப் போச்சே" என்று லாட்டரிக்காரர் சைக்கிளைத் திருப்பினார்.

டிக்கெட் வாங்குவதை யாரும் விட்டுவிடவில்லை. பழையபடி ஆளுக்கு ஒன்று என்று குறைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டிலிருந்து தேங்காய் அரைத்த மீன்குழம்பு ஒரு கிண்ணம் எங்களுக்கும் வந்தது.

எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. நான் எந்தக் காக்காயையும் தொடவில்லை. ஆனால் அம்மாவும் பொய் சொல்வாள் என்று தெரியாத வயது. தூக்கத்தில் எழுந்து போய்த் தொட்டிருப்பேன் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அம்மா சொன்ன அன்றைக்கே மத்தியானம், குழாயடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, துணி சோப்பை எடுத்துப் போய், இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.