திங்கட்கிழமையும் ஓடும் கார்

ஞாயிற்றுக்கிழமைகளில் காரைச் சறுக்கவிட்டு ட்ரிஃப்ட் பழகுவேன். திங்கட்கிழமை அதே காரில்தான் மனைவியை வேலைக்குக் கூட்டிப்போவேன். சறுக்கும்போது முன் சில்லுகள் இன்னும் அதிகமாகத் திரும்புவதற்கு, சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் நீளமாக வேண்டும். நல்லது வாங்க வசதியில்லை. இணையத்தில் மலிவானவை இருந்தன. ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு அவற்றின் இரும்பு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு விளங்கவில்லை, பயம்தான் வந்தது. கடைசியில் பழைய ஆர்ம்களைக் கழற்றி, வெட்டி நீட்டித் தரச்சொல்லி, நீர்வேலியில் கலப்பைகளுக்கு வெல்டிங் செய்யும் அண்ணையிடம் கொண்டுபோனேன்.

“ஓடேக்கை வெல்டிங் உடைஞ்சு விட்டிடாதோ அண்ணை?”

“கலப்பை விட்டால் வந்து என்னைப் பேசுவாங்கள். நீ எப்பிடியடா வந்து பேசுவாய்? மனிசியும் இதிலையோ வாறவ?”

“ஓம்.”

“அப்ப தூக்கிக்கொண்டு போ.”

வெட்டாமலே திரும்பப் பூட்டினேன். திங்கட்கிழமை மனைவி ஏறிய பிறகும் இறங்கி, குனிந்து, நட்டுகளை மறுபடி இறுக்கினேன்.

“நான் பஸ்ஸிலை போறன்” என்றாள்.