மக்ரினாவின் கூவல்

குவாப்பி ஆற்று முகத்துவாரத்தில் எலோதியா என்றால் சேற்றுக்கே பயம். புருஷன் தங்கம் தோண்டப் போனவன் அங்கேயே ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டான். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அலையாத்திக் காட்டுச் சேற்றில் முழங்கை வரை கைவிட்டு மட்டி பொறுக்கியே பிள்ளைகளை ஆளாக்கினாள். அந்த நெஞ்சழுத்தம் அம்மா மக்ரினாவின் சொத்து. காட்டை வெட்ட வந்த இறால் பண்ணைக்காரர்களை வெட்டுக்கத்தியோடு வழிமறித்த கறுப்பி அவள். வந்தவர்கள் படகைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மட்டி பொறுக்கும் பெண்களில் காட்டுக்குள் ஒருத்தி கண்ணில் இன்னொருத்தி பட மாட்டாள். அதனால் ஆளுக்கொரு கூவல் உண்டு. ஒருத்தி செத்தால் அவள் கூவலை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் துந்தாவுக்கு வழி திறந்த மாதிரி. பிரியமானவர்களின் குரலில் கூப்பிட்டு ஆளைக் காட்டுக்குள் இழுத்துப் போகிற பேய் அது.

அன்று பகலிலேயே மூடுபனி இறங்கியது. தண்ணீர் ஏறத் தொடங்கியது. தோணிக்குத் திரும்பிய எலோதியா, கூட வந்த செல்மீராவைக் காணாமல் பதறிப்போனாள். கொஞ்ச நேரத்தில் வேர்களெல்லாம் முழுகிவிடும்.

இடப்பக்கம் செல்மீராவின் கூவல் கேட்டது. வலப்பக்கம், என்றோ செத்துப்போன அம்மாவின் கூவல்.

துந்தாதான் அம்மாவாக வந்திருக்கிறது என்று எண்ணி எலோதியா இடப்பக்கம் நடந்தாள். ஆனால் இடப்பக்கக் குரலில் பயமே இல்லை. முழுகப் போகிறவள் இவ்வளவு அழகாகவா கூவுவாள்?

"ஏண்டி வாயாடி, என் சட்டிய எப்ப திருப்பித் தருவ?" என்று கத்திப் பார்த்தாள்.

இடப்பக்கம் மறுபடி அதே கூவல், பிசிறில்லாமல். வலப்பக்கமிருந்து ஈனசுரத்தில் ஒரு குரல் வந்தது.

"அந்த ஓட்டச் சட்டிய இப்பத்தான் கேக்கணுமாக்கா?"

செல்மீரா வேரில் கால் மாட்டி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாள். எலோதியா மூழ்கி வேரை வெட்டி, அவளைத் தோணிக்கு இழுத்து வந்தாள்.

"எங்கம்மா கூவல உனக்கு யாருடி குடுத்தது?"

"எங்கூவல அது எடுத்துக்கிச்சேக்கா. நான் வாயத் தொறக்குமுன்ன எங்குரல்ல அது கூவுது. மக்ரினாம்மா குரலுன்னா கிட்ட வராதுன்னு தோணிச்சு."

துடுப்புப் போட்டார்கள். செல்மீராவின் குரல் பனிக்குள் பின்னாலேயே வந்தது. நெருங்கி நெருங்கி எலோதியாவின் பிடரி வரை வந்துவிட்டது.

அப்போது மக்ரினாவின் கூவல் எழுந்தது, ஓர் அதட்டலாக. பின்னால் வந்த குரல் சட்டென்று நின்றது.

"போதும்டி, விட்டுருச்சு. வாய மூடு," என்றாள் எலோதியா.

"நான் வாயே தொறக்கலக்கா."

புருஷன் போனபோது அழாதவள், துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு அம்மா அம்மா என்று அழுதாள்.