நூற்றுப் பதினான்குக்கு வந்த சீர்வரிசை

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். அழுதுகொண்டே எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. ஆகையால் சிரித்துக்கொண்டே எழுத முயல்கிறேன்.

அக்கா காவாந்தண்டலத்தில் விவசாயக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தது நான். எங்களுக்கு உடன்பிறந்த ஆண் பிள்ளை கிடையாது. அக்கா பிறந்த அன்று நைனா, அதாவது எங்கள் அப்பா, ஏரித் தண்ணீர் முறைக்காக மடையில் நின்றிருந்தாராம். பெண் குழந்தை என்று ஆள் போய்ச் சொன்னதும், “நல்லது, தண்ணி பாஞ்சதும் வர்றேன்” என்றாராம். அந்த நிதானம் அப்படியே அக்காவுக்கு வந்தது. எனக்கு அம்மாவின் படபடப்பு வந்தது.

உத்திரமேரூரில் பள்ளி, காஞ்சிபுரத்தில் கல்லூரி, சென்னையில் மேற்படிப்பும் முனைவர் பட்டமும் என்று அக்கா போய்க்கொண்டே இருந்தார். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தித் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். ஊருக்குள் முதல் பஸ் வராத நாட்களில் அக்கா நைனாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே போவார். பெண்ணை இவ்வளவு தூரம் படிக்க வைப்பதா என்று வழியில் சிலர் கேட்பார்கள். நைனா சைக்கிள் மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார்.

பிறகு ஐதராபாத்தில் ஒரு மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அந்தச் சமயத்தில் பெண் பார்க்க வந்த ஒருவர், “மருந்துன்னா, மெடிக்கல் ஷாப்பா?” என்று கேட்டார். அக்கா, “ஆமாங்க, ஆனா எங்க கடையில இதுவரைக்கும் ஒரு மாத்திரகூட விக்கல” என்றார். அவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார். அக்கா கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி உறவினர்கள் கேட்ட கேள்விகளை எல்லாம் அச்சடித்தால் இந்த மலர் போதாது.

அக்கா என்ன வேலைதான் செய்கிறார் என்பது எனக்கே வெகுநாள் புரியவில்லை. ஒருமுறை நான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தபோது விளக்கினார். தோள் சரியாக அமைந்தால் கை இறுக்கும், கையைத் தளர்த்தினால் கழுத்து கோணும் அல்லவா? மூலக்கூறும் அப்படித்தானாம். ஒரு மூலையில் ஓர் அணுவை மாற்றினால் நோயைப் பிடிக்கும், ஆனால் வயிற்றில் கரையாது. கரையும்படி செய்தால் நோயைப் பிடிக்காது. பிரித்துப் பிரித்துத் தைப்பதுதான் அக்காவின் பிழைப்பு. “அப்போ ரவிக்கைய எப்பத்தான் குடுப்ப?” என்று கேட்டேன். “குடுக்காமலே ரிட்டயர் ஆவறவங்கதான் எங்க தொழில்ல நெறைய பேரு” என்று சிரித்தார்.

அம்மாவுக்கு முடக்குவாதம் இருந்தது. விரல்கள் வளைந்து, காலையில் சொம்பைக்கூடப் பிடிக்க முடியாது. அக்கா பல ஆண்டுகள் உழைத்தது அந்த நோய்க்கான ஒரு மாத்திரைக்காகத்தான். நிறுவனத்தில் அதற்குப் பெயர் கிடையாது, நூற்றுப் பதினான்கு என்ற எண் மட்டுமே. அம்மாவோ போனை எடுத்ததும், “நூத்திப் பதினாலு எப்டி கீது?” என்று பேரப்பிள்ளையை விசாரிப்பது போலத்தான் கேட்பார். “நல்லா கீதும்மா, எலிக்கெல்லாம் குடுத்துக்கினு கீறோம்” என்பார் அக்கா. எலிகளுக்கு முன்னால் தமக்குக் கொடுத்தால் என்ன என்று அம்மாவுக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு.

ஒருநாள் அக்கா, நூற்றுப் பதினான்கு தேர்வாகிவிட்டது, இன்னும் ஒரு நீண்ட விலங்குச் சோதனை முடிந்தால் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று சொன்னார். எங்கள் காதில் ‘தேர்வாகிவிட்டது’ வரைதான் ஏறியது. எங்கள் வீட்டில் தேர்வானால் வேலை முடிந்தது என்றுதான் அர்த்தம். மருந்து பாஸானால் ஆடியில் தெருவுக்கே கூழ் ஊற்றுவதாக அம்மா அம்மனுக்கு வேண்டியிருந்தார். உடனே நாள் குறித்துவிட்டார்.

இந்த இடத்தில் எங்கள் தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பிள்ளைகளுக்கு மாமன் முறை செய்ய எனக்கு அண்ணன் தம்பி இல்லாததால், காதுகுத்துக்குத் தட்டு வரிசை தூக்கி வந்தவர் அவர்தான். அக்காவுக்கு அப்படி ஒன்றும் செய்ய வாய்க்கவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. ஆடி ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள முடிவு செய்தார். பஸ் நிறுத்தத்தில் அக்காவின் பெரிய படமும், பக்கத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு மாத்திரைப் படமுமாக பேனர் கட்டினார். நாதஸ்வரம், தவில் முன்னே போக, பழத்தட்டு, பூத்தட்டு, பட்டுப்புடவை, சின்னதாய் ஒரு வெள்ளி அரைஞாண் என்று சீர் கிளம்பியது. மருந்துக்குச் சீர் கொண்டு வந்த தாய்மாமன் தொண்டை நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அக்கா அன்று காலைதான் ஐதராபாத்திலிருந்து வந்து இறங்கினார். பேனரைப் பார்த்தபடி அவர் நின்ற நிலையிலேயே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“வா தாயி! இன்னா அப்டியே நின்னுக்கினு கீற? ஒன் புள்ளைக்குச் சீர் எட்தாந்துகீறேன்!” என்றார் மாமா.

“மாமா, மேளத்தக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க” என்ற அக்கா, நேராகக் கூழ்ப் பானையிடம் நின்ற அம்மாவிடம் போனார். “அம்மா, நூத்திப் பதினால நிறுத்தியாச்சு.”

“யாரு நிறுத்தனது?”

“நான்தான் சொன்னேன். வலி கொறையுதும்மா. ஆனா உள்ள போயி ஒடையுது பாரு, அதுல ஒரு துண்டு ஈரல்ல போய் ஒட்டிக்குது. ரொம்ப நாளு சாப்ட்டா ஈரல் கெட்டுடும்.”

விலங்குச் சோதனையில் தெரிந்தது மிகச் சிறிய அறிகுறிதானாம். அளவைக் குறைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நிறுவனத்தில் பலர் சொல்லியிருக்கிறார்கள். அக்காதான் சந்தேகப்பட்டு, இன்னொரு சோதனையைக் கேட்டு வாங்கிச் செய்து, அந்தத் துண்டைக் கண்டுபிடித்து, தாம் உருவாக்கியதைத் தாமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். போனில் சொல்ல மனம் வராமல் நேரில் வந்திருந்தார்.

“எல்லாருக்குமா ஆவும்? எவனோ ஒருத்தனுக்கு ஆவும். அதுக்கோசரம் நிறுத்துவாங்களா?” என்றார் மாமா. அவருக்குத் தன் அக்காவான எங்கள் அம்மாவின் விரல்கள்தான் கண்ணில் நின்றன. எனக்கும் அப்படித்தான்.

“அந்த ஒருத்தர் யாருன்னு முன்னாடியே தெரியாதே மாமா. அது நம்ம அம்மாவா இருந்தா?”

தெருவே அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அம்மா தம் கையைப் பார்த்தார். அந்த மாத்திரைக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு முன்பும் பின்பும் நான் அதைப் பார்த்ததில்லை.

“யாருக்கும் ஒண்ணும் ஆவலையே?” என்று கேட்டார் அம்மா.

“இல்லம்மா. எந்த மனுசனுக்கும் இன்னும் குடுக்கல.”

“அப்போ நல்லபடியாத்தான் முடிஞ்சிகீது. வேண்டுதல வெச்சிக்கினு கடன்காரியா நிக்க முடியாது. கூழ ஊத்து, ஆறிப் போவுது.”

அக்கா அகப்பையை வாங்கி ஊற்றத் தொடங்கினார். மாமா தட்டுகளோடு முழித்துக்கொண்டு நின்றார். பிறகு, “புள்ளைக்கு இல்லன்னா இன்னா, பெத்தவளுக்கு வெச்சிட்டுப் போறேன். மேளக்காரரே, இன்னா பாத்துக்கினு கீற, வாசி!” என்றார். கையெல்லாம் கூழோடு இருந்த அக்காவை மணையில் உட்கார வைத்து மாலை போட்டு, பட்டுப்புடவையைக் கொடுத்தார். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். அரைஞாணை மட்டும் மாமா திருப்பி எடுத்துக்கொண்டார். பேனர் அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் வைக்கோல் போருக்குப் போர்வையாக இருந்தது.

அடுத்த வாரமே அக்கா வேலைக்குத் திரும்பினார். நிறுவனத்தில் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அக்கா வேறொரு மூலக்கூறில் முதலிலிருந்து தொடங்கினார். பணி ஓய்வு பெறும்வரை அக்கா உருவாக்கிய மருந்து ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. இதை மறைத்து எழுதினால் அக்கா எழுந்து வந்து என் காதைத் திருகுவார். அம்மாவும் வளைந்த விரல்களோடுதான் கண்மூடினார்.

ஓய்வுக்குப் பின் என்னோடு காவாந்தண்டலத்தில் இருந்தபோதுதான் அக்காவுக்கு நுரையீரலில் புற்றுநோய் தெரிந்தது. சில மாதங்கள் என்றார்கள். தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை என் மகளின் கல்யாணத்தையும், அவள் பிள்ளையின் முதல் சிரிப்பையும் அக்காவுக்குக் காட்டியது. அதன் மூலக்கூறுப் படத்தை அலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்து, “இந்த மூலையில இன்னா வெச்சிகீறாங்க பாரு! கெட்டிக்காரங்கடி!” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். எனக்கு நாலைந்து கோடுகள்தான் தெரியும்.

“இது நீ செஞ்சதா இருந்திருக்கக் கூடாதா?” என்று ஒருநாள் மனம் பொறுக்காமல் கேட்டேன்.

“இத செஞ்சவங்களும் எத்தினியோ நிறுத்திட்டுத்தான் இதுக்கு வந்திருப்பாங்க. அதெல்லாம் நிறுத்தாம இருந்திருந்தா நான் இத பயமில்லாம முழுங்குவேனா?” என்றார். பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, “தண்ணி குடு” என்றார். ஒரு கார்த்திகை மாத விடியலில், என் கையைப் பிடித்தபடி, வலியின்றிப் போனார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த தெரு மக்களுக்கும், ஐதராபாத்திலிருந்து கார் பிடித்து வந்து கருமாதியில் எங்களோடு பந்தியில் உட்கார்ந்த அவருடைய சக ஊழியர்களுக்கும், தள்ளாத வயதிலும் முன்னின்று நடத்திய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. முகம் தெரியாத யாரோ செய்த அந்த மாத்திரைக்கும் எங்கள் நன்றி.

இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. நூற்றுப் பதினான்கு கடைக்கு வந்திருந்தால் அதை நம்பி விழுங்கியிருக்கக்கூடிய யாரோ ஓர் அம்மா, ஏதோ ஓர் ஊரில் இன்று சௌக்கியமாகச் சோறு தின்றுகொண்டிருப்பார். தமக்கு ஒன்று வர இருந்தது, வராமல் போனது என்பது அவருக்குத் தெரியாது. அக்காவின் பெயரை அவர் ஒருநாளும் கேட்கப்போவதில்லை. அவர் சொல்ல வேண்டியதை அவருக்காக நாங்கள் சொல்லிவிடுகிறோம். நீங்கள் நல்லா இருக்க வேண்டும், அக்கா.