மூன்று கரண்டி பரங்கிக்காய்

"வர்ற ஞாயித்துக்கெழம பொந்தியான் ஊர்க்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க," என்றார் லெட்சுமணன், விளக்கு வைத்த நேரத்தில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி.

"வரட்டும்," என்றாள் அவர் மனைவி பேச்சியம்மாள். "சேவல் ஒண்ணு நிக்குது. அடிச்சிடலாம்."

"சேவல் வேணாம்."

"அப்ப எறால். கோத்தா திங்கி ஆத்து எறால் வந்தா எடுத்து வைக்கச் சொல்லுங்க."

"எறாலும் வேணாம். அவங்க சைவம்."

"வெள்ளி செவ்வாய்லயா?"

"எல்லா நாளும். நம்ம ஆளுங்கதான், புள்ள. மாப்பிள்ளையோட அப்பா சதாசிவம் முப்பது வருஷத்துக்கு முந்தி ஏதோ வேண்டுதல்ல விட்டாராம். வீட்டோட விட்டுட்டாங்க. முட்டைகூடக் கெடையாது."

பேச்சியம்மாள் கையிலிருந்த கருவாட்டுத் துண்டைத் தட்டிலேயே வைத்தாள். "பின்ன என்னத்தத்தான் திங்கிறாங்க?"

"காய்கறி."

"சரி. அதுகூட என்னா?"

"அதுகூடவும் காய்கறிதான்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, நாம பொண்ணு குடுக்கிறது மனுசங்களுக்கா, மாட்டுக்கா?"

லெட்சுமணன் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். கதவோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் சந்திரமதி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எனக்கு இந்த எடம் அமைஞ்சா நல்லாருக்கும்மா."

அன்றைய பேச்சு அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. சந்திரமதி எதையும் கேட்டு வாங்கிப் பழகாத பெண். தோட்டத்துப் பள்ளியில் தமிழும், பிறகு ஊருக்குள் கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷும் படித்துவிட்டு, தம்போய்க்கு அடுத்த அந்த ரப்பர்த் தோட்டத்திலேயே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முன்பு இரண்டு இடங்கள் வந்தன. இங்கிலீஷ் படித்த பெண் அடங்கமாட்டாள் என்று ஒருவர் போனார். இருபத்தொரு வயது முற்றல் என்று இன்னொருவர் போனார். பொந்தியான் தபால் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த மணியம் மட்டும், கல்யாணத்துக்குப் பிறகும் பெண் பள்ளிக்கூடம் போகலாம் என்று சொல்லியனுப்பியிருந்தான். இந்த இடமும் தட்டிப்போனால் அடுத்ததாக ஒன்று வரும் என்று பேச்சியம்மாளுக்குத் தோன்றவில்லை.

ஆகவே அவள் ஒரு சைவக் குடும்பத்துக்கு வயிறார விருந்து வைக்கவேண்டும். காய்கறி என்றாலே குமட்டுகிற அவள்.

அவளுக்கு நாற்றம் தாங்காத மூக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அது புளித்த வாடையில் இருபது வருஷம் புழங்கியவள். பால் பிடிக்கும் மங்குகளிலிருந்து உறைந்த ஒட்டுப்பாலை விரலால் உரித்துவிட்டு, அந்தக் கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சோறு தின்பாள். ஆனால் புடலங்காய் நறுக்கும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். ஈரத்தோடு மடித்துவைத்துப் பத்து நாள் கழித்துப் பிரித்த துணி மாதிரி அது வாடையடிக்குமாம். வெண்டைக்காயைப் பார்த்தால் சளி பிடித்த பிள்ளையின் மூக்கு நினைவுக்கு வரும். வெந்த கத்தரிக்காய், இரத்தம் குடித்துவிட்டு விழுந்த அட்டை. பயற்றங்காய் பல்லில் கீச்சிடும். பாகற்காய் உடம்புக்கு மருந்து என்று யாராவது சொன்னால், "அதத் திங்கிறதுக்குக் காய்ச்சலோடயே கெடந்துட்டுப் போறேன்" என்பாள். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் கூடைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற சீனக் கிழவரிடம்தான் கீரை வாங்கவேண்டும். அவர் தோட்டத்துப் பாத்திகளில் வாளியிலிருந்து எந்தக் கழிவை ஊற்றுகிறார் என்று ஒருநாள் பார்த்துவிட்டதிலிருந்து, கீரையை ஏழு தண்ணீரில் அலசியும் அவளுக்கு மனம் ஆறாது.

எல்லாவற்றையும்விடக் கேடு பரங்கிக்காய். அதற்குக் காரணம் உண்டு. ஏழு வயதில் தாயோடு ஊரிலிருந்து கப்பலில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது, நோய் இருக்கிறதா என்று பார்க்க எல்லாரையும் ஒரு கொட்டகையில் ஒதுக்கி வைத்தார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தில் பரங்கிக்காயைக் குழைய வேகவைத்து, உப்பில்லாமல் இரண்டு வேளையும் ஊற்றினார்கள். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தின்னாத பிள்ளையை நோயாளி என்று எழுதித் தனியே பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் தாய் அவள் கைகளைப் பிடித்துக்கொள்ள, பரிமாறுகிறவன் தாடையை அழுத்தித் திறந்து கரண்டியைச் சாய்த்தான். தித்திப்பும் தகர வாடையுமாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. இறங்கிய வழியே திரும்பியும் வந்தது. மறுபடியும் ஒரு கரண்டி சாய்த்தான். அதன் பிறகு அந்த நிறத்தில் அவள் ஒரு சேலைகூட எடுத்ததில்லை.

ஆனாலும் வீட்டில் தினமும் ராத்திரிச் சோற்றுக்கு ஒரு காய் இருக்கும். புருஷனுக்கும் மகளுக்கும் அது வேண்டும். அதைச் சமைப்பதற்கு அவளுக்கு ஒரு வழி இருந்தது, பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரப் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்தது. பெலாச்சானைக் கங்கில் சுட்டு, காய்ந்த மிளகாயோடு இடித்து, எந்தக் காயானாலும் அதன்மேல் போட்டுப் பிரட்டுவாள். "அது விழுந்தாத்தான் காய்கறியோட நாத்தம் சாவும்" என்பாள். கூனி இறாலை உப்போடு இடித்து வெயிலில் காயவைத்த கட்டிதான் பெலாச்சான். ஆனால் அவள் வீட்டில் அது கருவாட்டுப் பானையில் இருந்ததில்லை. சீரகம், மல்லி, மஞ்சளோடு மசாலாத் தகரத்தில் இருந்தது. இருபது வருஷமாக அவள் அதை மசாலா என்றே நினைத்திருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் வீடு இரண்டுபட்டது. கருவாட்டுப் பானையைப் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள். சேவலைக்கூடக் கண்ணில் படாமல் கட்டிவைத்தாள். மீன் வெந்த சட்டியில் சைவர்களுக்குச் சமைப்பது பாவம் என்று நான்கு புதுச் சட்டிகள் வாங்கிப் பழக்கினாள். அடுப்பைச் சாணம் போட்டு மெழுகி, அரிவாள்மணையைச் சாம்பலால் தேய்த்து வெயிலில் காயவைத்தாள்.

"போதும், புள்ள. அவங்க வீட்டச் சாப்பிடப் போறதில்ல," என்றார் லெட்சுமணன்.

"ஒங்களுக்கென்ன. அந்தப் பொடலங்காயத் தொடுறவ நானு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், புடலங்காய்க் கூட்டு, கங்கோங் கீரைப் பிரட்டல். எதையும் அவள் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. விருந்தாளிக்கு ஆக்கியதை முன்னால் ருசி பார்க்கக்கூடாது என்றாள். அது பாதிதான் உண்மை. கீரையை அடுப்பில் ஏற்றியபோது வழக்கமான வாடை கிளம்பியது. வழக்கம்போல அவள் கை மசாலாத் தகரத்துக்குப் போனது. கங்கில் சுட்டாள், மிளகாயோடு இடித்தாள், போட்டுப் பிரட்டினாள். அந்த மணம் எல்லா வீட்டிலும் எல்லாச் சாயங்காலமும் எழுகிற மணம். லயத்தில் யாருடைய மூக்கும் அதைத் தனியாக எடுத்துப் பார்ப்பதில்லை. முன்னறையில் பூ வைத்துக்கொண்டிருந்த சந்திரமதியும் கவனிக்கவில்லை.

சதாசிவம் மெலிந்த மனிதர், நெற்றி நிறைய விபூதி. மனைவி அங்கம்மா தடித்த, அமைதியான பெண்பிள்ளை. பெண்ணைப் பார்த்தார்கள், இரண்டு கேள்வி கேட்டார்கள், இலைக்கு முன் உட்கார்ந்தார்கள். சதாசிவம் சாம்பாரையும் கத்தரிக்காயையும் மரியாதைக்குத் தொட்டார். கீரையை ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்தார்.

"தங்கச்சி, இந்தக் கீரை என்னா பக்குவம்?"

"சும்மா மொளகா போட்டதுதாண்ணே."

"இன்னுங்கொஞ்சம் போடு தாயி."

அங்கம்மாவும் ஒரு வாய் வைத்தாள். அவள் தாடை ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்து மென்றாள்.

காய்கறியை இப்படி அள்ளித் தின்கிற மனிதரைப் பார்க்கவே பேச்சியம்மாளுக்குச் சகிக்கவில்லை. பரிமாறிவிட்டு உள்ளே வந்து, கையோடு உரலைக் கழுவக் குனிந்தாள். உரலின் ஓரத்தில் மிளகாய்த் தோலுக்குப் பக்கத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டியிருந்தது. ஆயிரம் தடவை பார்த்த புள்ளிதான். இன்றைக்குத்தான் அது கூனி இறாலின் கண் என்று தெரிந்தது.

"அலமாக், ஐயோ," என்று வாய்க்குள் சொன்னாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முப்பது வருஷமாக ஒரு மனிதர் மூடிக் காத்த வாயை அவள் திறந்து, உள்ளே போட்டிருக்கிறாள். அவள் மூக்கில் பழைய தகர வாடை ஏறியது. இத்தனை வருஷமும் அந்தப் பரிமாறுகிறவனைச் சபித்துக்கொண்டே இருந்தாள். இப்போது கரண்டி அவள் கையில் இருந்தது. எழுந்துபோய்ச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் இலையைவிட்டு எழுந்துவிடுவார்கள், சந்திரமதி மறுபடியும் தலை குனிந்து பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"கீரை இருக்கா, பேச்சி?" என்று லெட்சுமணன் உள்ளே வந்தார். "மூணாந்தடவையும் கேக்குறாரு மனுசன்!" அவள் வாயைத் திறப்பதற்குள் சட்டியோடு போய்விட்டார்.

சாப்பிட்டு முடித்து அங்கம்மா கை கழுவப் பின்பக்கம் வந்தாள். பேச்சியம்மாள் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

"மதினி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தக் கீரையில..."

"தெரியும்," என்றாள் அங்கம்மா.

"தெரியுமா?"

"மொத வாயிலயே தெரியும். கல்யாணத்துக்கு முந்தி நான் கடலோரத்துல வளர்ந்தவ."

"பின்ன ஏன் சும்மா இருந்தீங்க?"

அங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இவரு இப்படிக் கேட்டு வாங்கித் தின்னு முப்பது வருஷமாச்சு, மதினி," என்றாள். போகும்போது, "அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா நெருப்பாயிருவாரு. பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு," என்றாள்.

அன்றே பேச்சியம்மாள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சந்திரமதி, "அவங்கதான் சொல்றேன்னுட்டாங்களேம்மா," என்றாள். பேச்சியம்மாளுக்கு அது ஆறுதலாக இல்லை. இரண்டு மாதம், கல்யாணம் முடிகிற வரைக்கும், மீன் குழம்புகூட அவளுக்கு ருசிக்கவில்லை.

மறுவீட்டு விருந்துக்குப் பொந்தியான் போனார்கள். இலை நிறையக் காய்கறி. அவியல், கூட்டு, பச்சடி என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒழுகின. பேச்சியம்மாள் மோரையும் சோற்றையும் வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது சதாசிவம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் பித்தளை வாளியோடு பந்திக்கு வந்தார்.

"தங்கச்சி, அன்னிக்கு உங்க வீட்டுல மூணு தடவ வாங்கித் தின்னேன். அந்தக் கீரை இன்னும் நாக்குல நிக்குது. இங்க யாருக்கும் அந்தக் கைப்பக்குவம் வரல. இன்னிக்கு என் கையால உனக்கு மூணு தடவ."

அங்கம்மா இன்னும் சொல்லவில்லை என்பது தெரிந்துவிட்டது. அங்கம்மா தூணுக்கு அந்தப் பக்கம் அப்பளம் எண்ணுவதுபோல நின்றாள்.

கரண்டி வாளியிலிருந்து எழுந்தது. மஞ்சளாக, குழைந்து, வெல்லம் போட்டு மினுமினுத்துக்கொண்டு, பரங்கிக்காய்.

சம்பந்தியே தன் கையால் போடுவது பெரிய மரியாதை. வேண்டாம் என்று யாரும் கையை மறித்திருக்கமாட்டார்கள். பேச்சியம்மாள் மறித்திருப்பாள், வேறு யார் போட்டிருந்தாலும். ஆனால் தெரியாமல் தின்ற அந்த வாய் அவளுக்கு எதிரே சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அவள் போட்டது அது. அவளுக்கு அவர் போடுவது இது. விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். அதே தித்திப்பு, அதே வழுக்கல். இடது கையால் சேலையைப் பிசைந்துகொண்டு விழுங்கினாள். இரண்டாவது கரண்டி விழுந்தது. அதையும் விழுங்கினாள். மூன்றாவதில் நார் ஒன்று நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டது. கண்ணிலிருந்து நீர் கொட்டிற்று. ஒரு துளி மஞ்சள்கூட மிச்சம் வைக்காமல் இலையை வழித்தாள்.

"பொண்ணப் பிரியற துக்கம்," என்று சதாசிவம் பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னார். "பெத்தவளுக்கு இருக்காதா?"

பின்னால் தண்ணீர்ச் செம்போடு நின்ற சந்திரமதிக்கு மட்டும்தான் அது எந்தத் துக்கம் என்று தெரியும். அவள் தாயின் குவளையை நிரப்பினாள். அது காலியானதும் மறுபடியும் நிரப்பினாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பேச்சியம்மாள் இரண்டு தடவை மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. லெட்சுமணன் டிக்கெட் வாங்கப் போனதும், வழியனுப்ப வந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மாசத்துக்கு ஒருக்கா ஒன்னப் பாக்க வருவேன், சந்திரா. பொடலங்கா வை. வெண்டக்கா வை. பாவக்காயக்கூட வை, கண்ண மூடிக்கிட்டு முழுங்கிடுறேன். நான் வர்ற அன்னிக்கு மட்டும் ஒன் மாமனார் கையில கரண்டியக் குடுத்துடாத, ஆத்தா."