வளைந்த கம்பி

திருவொற்றியூர் கடற்கரைச் சாலையோரம் ஸ்டெல்லா என்ற பெண் கிறிஸ்துமஸ் விளக்குகள் செய்கிறார். உள்ளங்கையளவு மண்வீடுகள். சுட்டெடுத்து உள்ளே மெழுகுவத்தி வைத்தால் ஜன்னல் வழியே வெளிச்சம் வரும். எல்லா வீட்டுக்கும் வாசல் இடது ஓரத்தில்தான்.

“நடுவுல வைக்க மாட்டீங்களா?”

“எங்க வூட்ல அப்டித்தாண்ணா இருந்துச்சி. கடலு இஸ்துகினு பூட்ச்சி.” ஜன்னல் வெட்டாத ஈர வீடொன்றை என் பக்கம் திருப்புகிறார். “ஆர்டர் குடுத்தா அவங்கவங்க வூடு மாரியே வெட்டுவேன். உங்க வூட்டு ஜன்னல் எப்டி கீது?”

இப்போது இருப்பது வாடகை வீடு. ஆனால், அப்பா போனபின் நாங்கள் விற்ற வீட்டைத்தான் சொல்கிறேன்.

“வாசலுக்கு வலப்பக்கம். மூணு கம்பி. நடுக்கம்பி வளைஞ்சிருக்கும்.”

அவர் வெட்டி முடித்து, நடுக்கம்பியைச் சுண்டுவிரலால் மெல்ல அழுத்துகிறார்.

“இவ்ளோ போதுமாண்ணா?”

“இன்னும் கொஞ்சம்.”