அடித்த வரியை வாசித்தேன்

கிராமத்து மருமகள் ஒருத்தி படும் பாட்டைச் சொல்லும் படம் அது. கடலூரில் ஒரு வாசகர் வட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் பற்றிக் கூட்டம் போட்டது. கடைசியாகப் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள் சினிமாவைப் பற்றி என்ன பேசிவிடப் போகிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ, பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள்.

எழுதியதை முதல் நாளே என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஒரு வரியில் அவர் விரல் நின்றது. எங்கள் சிதம்பரம் வீட்டில் நல்ல நாள் விருந்தென்றால் அவர் சாப்பிட்ட இலையில்தான் நான் உட்கார வேண்டும். அதற்காகவே இலையை மூடாமல் எழுந்து போவார். அதை எழுதியிருந்தேன்.

"இத எடுத்துடும்மா. அம்மா காதுக்குப் போனா வீடு ரெண்டாயிடும்."

அடித்துவிட்டேன். ஏன்தான் கை போனதோ, இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எனக்கு முன்னால் பேசியவர் ஊரறிந்த விமர்சகர். எல்லாம் மிகை, ஆண்களையே வில்லனாக்கியிருக்கிறார்கள் என்று அடுக்கிவிட்டுக் கேட்டார்: "இந்தக் காலத்துல எந்தப் பொம்பள புருசன் எச்சி எலையில சாப்புடுறா? டைரக்டர் முப்பது வருசம் லேட்டு!"

பலத்த கைதட்டல். மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரரும் தட்டிக்கொண்டிருந்தார். நடிப்பில்லை, மனதாரத்தான் தட்டினார். போன பொங்கலுக்கு அவர் இலையில் சாப்பிட்டவள் மேடையில் இருக்கிறாள் என்பதே அவர் நினைவில் இல்லை.

மைக்கைப் பிடித்ததும் அடித்த வரியைத்தான் முதலில் வாசித்தேன்.

"எந்தப் பொம்பளன்னு கேட்டீங்கல்ல சார்? நான்தான். எம்.எஸ்சி., எம்.ஃபில். போன பொங்கலுக்குக்கூட."

யாரும் தட்டவில்லை. படத்தில் குறை உண்டு, இரண்டாம் பாதி சரியான இழுவை. அதையும் சொன்னேன். ஆனால் பொய் என்று சொல்ல இந்த ஹாலில் ஒருவருக்கும் யோக்கியதை இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சிதம்பரம் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்போது அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, "எல்லாரும் என்னையே பாத்தாங்க. அசிங்கமா போச்சு" என்றார்.

"ஒங்களுக்கு இன்னிக்கி ஒரு நாளு. எனக்குப் பதினோரு வருசம்."

நல்ல பசி. சிதம்பரத்தில் இறங்கியதும் நேராக ஒரு மெஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்தேன். அவர் கை கழுவி வருவதற்குள் என் இலையில் சோறு விழுந்துவிட்டது. காத்திருக்கவில்லை, பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன்.