சைகை மூலம் விளங்கப்படுத்தப்பட்டது

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அறுபத்து மூன்று வயது வரையில் அவளுக்கு ஒரு மொழி தேவை என்று எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அது ஒரு தொலைக்காட்சித் தொடருக்குத் தோன்றியது.

தொடர் இந்தியாவில் எடுத்தது. தினமும் மாலை ஏழு மணிக்கு வரும். தகப்பன், தாய், மூத்த மகள் மூவரும் காது கேளாதவர்கள். இளைய மகளுக்கு மட்டும் கேட்கும். வீட்டுக்குள் எல்லோரும் கையால் கதைப்பார்கள். மற்றபடி வழமையான சரக்குத்தான்: சொத்துக்கு அலையும் ஒரு சித்தப்பா, நஞ்சு கலந்த பால், அந்தப் பாலை ஏந்திக்கொண்டு சித்தப்பாவின் மருமகள் மூன்று நாட்களாக ஏறியும் முடியாத ஒரு மாடிப்படி. பிரதேச செயலகத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு என் முன்னால் வந்து நின்று பிழை விடுவதற்கு வேறு ஆட்கள் இல்லாததால் நான் அதைப் பார்த்தேன்.

மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் கனடாவில். இணுவில் வீட்டில் நானும் தங்கையும்தான். அவள் தொலைக்காட்சியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாயசைக்கும் மனிதர்களை அவள் வெளியிலேயே போதுமான அளவு பார்த்திருந்தாள். ஒரு மாலை தேநீர் கொண்டு வந்தவள் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். திரையில் தகப்பன் மகளைக் கையால் ஏசிக்கொண்டிருந்தான். தேநீர் ஆறியது. அடுத்த நாள் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவள் தன் கதிரையைத் தூக்கி வந்து என் கதிரைக்கு முன்னால் போட்டாள்.

எங்களுக்குள்ளும் ஒரு கைப்பாஷை இருந்தது. பாஷை என்பது மிகை. சோறு, நித்திரை, கோயில், காய்ச்சல், ஆமிக்காரன், குண்டுவிமானம், ஓடு, செத்துப்போனார். அதை வைத்துக்கொண்டு ஒரு முழு யுத்தத்தையும் இரண்டு இடப்பெயர்வுகளையும் கடந்தோம். காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் அந்தக் காலத்திலேயே இருந்தது. பெண்பிள்ளையை விடுதியில் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்று அப்பா கேட்டார். ஊர் அதற்குப் பதிலாக அவளை ஊமை என்று சொன்னது. நான் அவளுக்குத் தன் பெயரை எழுதப் பழக்கினேன். அதற்கு மேல் பழக்கவில்லை. ‘ஏன்’ என்று கேட்பதற்கு எங்களிடம் ஒரு சைகை இருக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொடரை எடுத்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கட்டம் உருக்கமானால் கமெரா கைகளை விட்டுவிட்டு முகத்துக்குப் போய்விடும். கண்ணீர் வடியும், வயலின் அழும், கைகள் திரைக்குக் கீழே எங்கேயோ கதைத்துக்கொண்டிருக்கும். தங்கைக்கு ஆத்திரம் வரும். ஒருநாள் எழுந்து போய்த் திரையின் கீழ் விளிம்பைத் தட்டினாள். பிறகு குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தாள். காது கேளாதவர்களின் கதையில் முக்கியமான இடங்கள் எல்லாவற்றையும் வயலினுக்குக் கொடுத்திருந்தார்கள்.

அப்படியிருந்தும் அவள் சைகைகளைப் பொறுக்கிக்கொண்டாள். குசினியில் தனியாக நின்று கைகளைப் பழக்குவாள். பிறகு திரையைக் காட்டி, தன்னைக் காட்டி, வீதியைக் காட்டத் தொடங்கினாள். இப்படியான ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறாள் என்பது எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. ஒரு கிழமை விளங்காதது போல இருந்தேன். குருநகரில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் அவர்கள் கூடுவது எனக்குத் தெரியும். பதவியில் இருந்தபோது கதிரை கேட்டு அவர்கள் அனுப்பிய விண்ணப்பத்தை, இரண்டாம் இணைப்பு இல்லை என்று திருப்பி அனுப்பியவன் நான்.

கூட்டிக்கொண்டு போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கதிரைகளை எப்படியோ தேடி எடுத்திருந்தார்கள். சைகை மொழி படிப்பிக்கிற ரீச்சர் முப்பது வயதுப் பெண். கடற்றொழில் குடும்பம். தாய் தகப்பன் இருவருக்கும் காது கேட்காது, அவளுக்குக் கேட்கும். தங்கை வாசலில் நின்று கைகளை உயர்த்தி, தான் பழகி வைத்திருந்த ஒரு வசனத்தை முழுதாகச் சொன்னாள். மண்டபமே சிரித்தது. ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“இந்த அம்மா இந்தியக் கையாலை கதைக்கிறா ஐயா. ‘பாலுக்கை நஞ்சு வைச்சது ஆர்’ எண்டு கேக்கிறா.”

தங்கையும் சிரித்தாள். அவள் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. இங்கே புழங்கும் கை வேறு என்பதால் பாதியை மறந்து திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. முதல் மாதம் நான் கூடப் போனேன். பிறகு அவள் தனியாகவே பஸ் ஏறிப் போனாள். ஒன்றரை வருடம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. தொடரும் முடியவில்லை.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அம்மாவின் சீதன வீடு. எங்கள் வழக்கப்படி தாயின் வீடு மகளுக்குப் போகும். அம்மா அதைத் தங்கையின் பெயருக்கு எழுதிவிட்டுத்தான் கண்ணை மூடினார். என் மனைவிக்கு வந்த சீதன வீடு யுத்தத்தில் தரையோடு போனது, நாங்கள் தங்கையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது மாப்பிள்ளை பகுதி ஒரு வீடு கேட்டது. என்னிடம் வீடு இல்லை. தங்கையிடம் இருந்தது. நான் ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது.

தங்கையின் வீட்டை மகளுக்கு மாற்றும் நன்கொடை உறுதிப் பத்திரத்தின் வாசகத்தை நானே எழுதினேன். உறுதி முடிக்கிற நொத்தாரிசின் தமிழ் எனக்குத் திருப்தி தரவில்லை. கொடுப்பவர் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்று ஒரு நிபந்தனை எழுதி வைப்பது வழக்கம். சீவிய உரித்து என்பார்கள். மாப்பிள்ளை பகுதி சிக்கலில்லாத உறுதியாக வேண்டும் என்றது. அந்த நிபந்தனையை விட்டுவிட்டேன். உறுதியின் முடிவில், கொடுப்பவர் காது கேளாதவர் என்றும், உறுதியின் பொருள் அவருடைய தமையனால் சைகை மூலம் விளங்கப்படுத்தப்பட்டது என்றும், அவர் அதை நன்கு விளங்கிக்கொண்டார் என்றும் எழுதினேன். நல்ல வசனம். ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை.

நிவாரண அட்டை, அடையாள அட்டை, வீடு திருத்தும் உதவி என்று அவள் வாழ்நாளில் வைத்த கையெழுத்தெல்லாம் நான் பென்சிலால் ஒரு சிறு புள்ளடி போட்டுக் காட்டிய இடத்தில் வைத்ததுதான். நொத்தாரிசின் அலுவலகத்திலும் புள்ளடி போட்டேன். கையெழுத்து வை என்று காட்டினேன். விளங்கப்படுத்தல் அவ்வளவுதான். அவள் பட்டுச்சேலை உடுத்து வந்திருந்தாள். நாவை இலேசாகக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள். வெளியே வந்ததும் கழுத்தில் தாலி கட்டுவது போலக் காட்டி என்னைப் பார்த்தாள். கலியாணப் பதிவுக்குத் தன்னையும் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். நான் தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு மனைவி கேட்டாள், அவவுக்குச் சொல்லிப்போட்டீங்களோ என்று. ஓம் என்றேன்.

போன வருடம் மகள் தொலைபேசியில் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னாள். அங்கே வீடு வாங்குகிறார்களாம். நீங்கள் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போகலாம், மாமியை அக்கறையாகப் பார்க்கிற ஒரு இல்லத்தில் விடலாம் என்றாள். பிள்ளைக்கு இந்தக் காரியங்களை ஒழுங்குபடுத்திப் பேசும் திறமை எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து இரண்டு பேர் நாடாவோடு வந்து வளவை அளந்தார்கள். தங்கை கிணற்றடியில் நின்று பார்த்தாள். அவர்கள் போனதும் ஆர் என்று கேட்டாள். வீதி போடுகிற ஆட்கள் என்று காட்டினேன். அவள் என் கைகளைப் பார்க்கவில்லை; முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு காலையில் ரீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு எதிரே இரண்டு கதிரைகளைப் போட்டாள்.

ரீச்சர் சொன்னாள், “நான் இண்டைக்குப் படிப்பிக்க வரேல்லை ஐயா. அவ சொல்லுறதை உங்களுக்குச் சொல்லுவன், நீங்கள் சொல்லுறதை அவவுக்குச் சொல்லுவன். ஒண்டும் விடமாட்டன். என்னைப் பாக்காதேங்கோ, அவவைப் பாத்துக் கதையுங்கோ.”

தங்கையின் கைகள் அசைந்தன. ரீச்சரின் வாயிலிருந்து வந்தது: “அண்ணை, அளந்தவங்கள் ஆர்?”

அவள் என்னை அண்ணை என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது இன்னொருத்தியின் குரலில், குருநகர் இழுவையோடு வந்தது.

காணி சம்பந்தமான ஒரு ஆரம்பகட்டப் பரிசீலனை என்று தொடங்கினேன். ரீச்சரின் கைகள் பாதியில் நின்றன.

“அது என்னெண்டு கேக்கிறா. எனக்கும் விளங்கேல்லை ஐயா.”

“வீடு வாங்க வந்த ஆக்கள்.”

“விக்கிறது ஆர்?”

“மகள்.”

“என்ரை வீட்டை அவள் எப்பிடி விக்கிறது?”

சொன்னேன். உறுதி என்றால் என்ன, அன்றைக்குப் பட்டுச்சேலையோடு வைத்த கையெழுத்து எதற்கு, பதின்மூன்று வருடமாக இந்த வீடு யாருடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிறு சிறு வசனங்களாகச் சொல்ல வேண்டியிருந்தது. சிறு வசனத்தில் ஒளிவதற்கு இடம் கிடையாது. நாற்பது வருட உத்தியோகத்தில் நான் அவற்றைத் தவிர்த்ததற்குக் காரணம் இருந்தது. தங்கையின் கண்கள் ரீச்சரின் கைகளை விட்டு அகலவில்லை. முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“நான் கையெழுத்து வைக்கேக்கை, எனக்கு இது தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. என் தலை ஆடியதை அவள் பார்த்துவிட்டாள்.

தொடராக இருந்தால் ஒரு அறை விழுந்திருக்கும், மூன்று நாளைக்கு வயலின் போயிருக்கும். தங்கை எழுந்து குசினிக்குப் போய் அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“இப்ப நான் என்ன செய்யலாம்? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.”

எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்ட கேள்வி. பெரும்பாலானோரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என் மனச்சாட்சி விழித்துக்கொண்டது என்று எவரும் எண்ண வேண்டாம். அவள் கேட்டாள், எனக்கு விடை தெரியும், வேறு போக்கிடம் இல்லை. உறுதியை இரத்துச் செய்யச் சொல்லி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றேன். இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று சொன்னேன். வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிந்தால் வாங்க வருகிறவன் ஓடிவிடுவான் என்றேன். முதலாம் எதிராளி என் மகள், இரண்டாம் எதிராளி நான். அவளுடைய பலமான சாட்சியம், அவளுக்கு எதுவும் விளங்கப்படுத்தப்படவில்லை என்று நான் முடித்துக் கொடுக்கும் சத்தியக் கடதாசி. ரீச்சர் இடையில் தண்ணீர் கேட்டாள். கை உளைந்துவிட்டது.

சத்தியக் கடதாசியைக் கொடுத்தேன். வழக்குப் பதிந்தது, வாங்க வந்தவர்கள் போனார்கள். மகள் தொலைபேசி எடுத்தாள். “அப்பா, உங்களுக்கு மண்டை பழுதோ?” என்று கேட்டாள். அதன்பிறகு எடுக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் படங்களும் வருவதில்லை. தங்கை என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. காஸ் அடுப்பைப் பின்விறாந்தையில் வைத்து, ஒரு சட்டியும் இரண்டு கோப்பையும் எடுத்துத் தந்தாள். சமையல் வேறானது. பழைய கைப்பாஷையையும் நிறுத்திவிட்டாள். நான் சோறு என்று காட்டினால் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்தத் தொடரும் ஒருவழியாக முடிந்தது. கடைசி நாளில் மூத்த மகளுக்குச் சத்திரசிகிச்சை நடந்து காது கேட்டது. அவள் “அம்மா” என்று வாய் திறக்க, எல்லோரும் அழுதார்கள். தங்கை அதற்கு அழவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கதிரையை எடுத்துக்கொண்டு போனாள். குருநகரில் எல்லோரும் அதைப் பற்றிக் கோபப்பட்டார்கள் என்று ரீச்சர் பிறகு சொன்னாள்.

முதல் தவணையில் நீதிமன்றத்துக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. இரண்டாம் தவணையில் நீதிபதி விடுமுறை. மூன்றாம் தவணையில் எதிராளி வெளிநாட்டில் இருப்பதால் அறிவித்தல் சேரவில்லை. இதில் எதுவும் எனக்குப் புதிதல்ல. அன்றைக்கு நீதிமன்ற விறாந்தையில் தங்கை ரீச்சரோடு என்னிடம் வந்தாள்.

“தீர்ப்புக்கு முதல் நான் செத்தால் வழக்கு ஆருக்கு?”

“உரித்தாளி தொடர்ந்து நடத்தலாம்.”

“எனக்கு ஆர் உரித்தாளி?”

தாய் தகப்பன் இல்லை, புருசன் பிள்ளை இல்லை. தேசவழமைச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை.

“நான்” என்றேன்.

ரீச்சரின் கை அந்தரத்தில் நின்றது. “உண்மையாவோ ஐயா?” என்று தன் சொந்தக் குரலில் கேட்டாள். ஓம் என்றேன். வீடு என்னிடம் வரும், என்னிடமிருந்து மகளிடம் போகும். வழக்கில் தங்கை வென்றாலும் அதுதான் நடக்கும். ரீச்சரின் விரல் என்னைச் சுட்டியது. தங்கை அந்த விரலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு இருவரும் வேகமாகக் கதைத்தார்கள். என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“அது உங்களுக்கில்லை ஐயா” என்றாள் ரீச்சர்.

அந்தக் கிழமையே இருவரும் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய் மரண சாசனம் எழுதிவிட்டு வந்தார்கள். எந்த நொத்தாரிசு என்று எனக்குத் தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதில் என்ன இருக்கிறது என்று கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. அவளுக்கு அறுபத்தாறு வயது, எனக்கு எழுபத்திரண்டு. எல்லாம் ஒழுங்கின்படி நடந்தால் அந்த வீடு யாருக்கு என்பதை நான் அறியப்போவதில்லை.